ரயிலுக்கும் ரயிலுக்கும் நடுவே மதுரை: டவுன் பஸ்ஸில் பத்திரமாகச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

கேள்வி இதுதான்: சென்னையிலிருந்து இரவு ரயிலில் நான்கு பேர் வருகிறார்கள். கணவன், மனைவி, 12 வயது மகள், 68 வயது அம்மா. காலை 6 மணி வாக்கில் மதுரையில் இறங்கி, மாலை 6 மணி வாக்கில் ராமேஸ்வரம் ரயிலைப் பிடிக்க வேண்டும். முன்பு ஒரு கப்பல் சுற்றுலாவில் துறைமுகத்துக்குத் துறைமுகம் இறங்கி, அந்தந்த ஊர் பஸ்ஸிலேயே சுற்றிவிட்டு நேரத்துக்குக் கப்பலேறிய பழக்கம் உண்டாம். அதே மாதிரி மதுரையிலும் கார் வைக்காமல் டவுன் பஸ்ஸிலேயே மீனாட்சி கோயில், திருமலை நாயக்கர் மகால், காந்தி மியூசியம், திருப்பரங்குன்றம், அழகர்கோயில் எல்லாம் பார்த்துவிட முடியுமா, பெரியவரையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவது பாதுகாப்பா என்று கேட்கிறார்கள்.

முடியும். ஐந்தில் மூன்றை நிதானமாகப் பார்க்கலாம். நான்கு பார்த்தால் ஓட்டமாக இருக்கும். அழகர்கோயிலை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். காரணம் பின்னால் சொல்கிறேன். பாதுகாப்பைப் பற்றி: பகல் நேரத்தில் மதுரை டவுன் பஸ்ஸில் ஏறப் பயப்பட ஒன்றுமில்லை. இங்கே வெளியூர்க்காரர்கள் பறிகொடுப்பது பெரும்பாலும் நேரத்தைத்தான். தப்பான பஸ் ஸ்டாண்டுக்குப் போவது, நடை சாத்திய பிறகு கோயில் வாசலில் நிற்பது, கோரிப்பாளையம் சந்திப்பு நெரிசலில் மாட்டிக்கொண்டு ரயிலை விடுவது, இவைதான் உண்மையான ஆபத்து. கப்பலைப் போலவே ரயிலும் யாருக்காகவும் நிற்காது. அதனால் முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். ரயில் 6 மணி என்றால் 5.30க்கு நடைமேடையில் இருக்க வேண்டும். பை எடுக்க, தண்ணீர் பிடிக்க, அம்மா படியேறி இறங்க அரை மணி. ஆக 5 மணிக்கு ஜங்ஷன் வாசல். அதற்கு முந்தைய இடத்தை 4.30க்கு விட வேண்டும். அந்த இடம் ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். வைகைக்கு வடகரையில், அதாவது காந்தி மியூசியம், அழகர்கோயில் பக்கம் இருந்தால் 3.30க்கே கிளம்பிவிடுங்கள். வடகரையிலிருந்து ஸ்டேஷன் பக்கத்துப் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு வரும் பஸ்ஸெல்லாம் சில பாலங்களை நம்பித்தான் இருக்கின்றன. ஏ.வி. பாலமோ யானைக்கல் பாலமோ, எதுவானாலும் கோரிப்பாளையம் சந்திப்பைத் தொட்டுத்தான் வர வேண்டும். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குப் பிறகு, அரை மணியில் கடக்கும் தூரம் ஒரு மணி நேரம் ஆவது சர்வசாதாரணம்.

இன்னொரு பக்கம், மதுரையின் பெரிய கோயில்கள் எல்லாம் மதியம் நடை சாத்துபவை. மீனாட்சி கோயில் அதிகாலை 5 மணிக்குத் திறந்து பகல் 12.30 வாக்கில் சாத்துவார்கள். திரும்ப மாலை 4 மணிக்குத்தான். திருப்பரங்குன்றம் மதியம் 1 மணியோடு சரி. காந்தி மியூசியம் காலை 10 மணிக்குத்தான் திறக்கும், 1 முதல் 2 வரை இடைவேளை. மகால் காலை 9 முதல் மாலை 5 வரை. இவற்றை அடுக்கிப் பார்த்தால் வரிசை தானாக அமைந்துவிடும்: நடை சாத்திவிடக்கூடிய கோயில் முதலில், பஸ்ஸேறிப் போக வேண்டிய தூரத்து இடம் நடுவில், பக்கத்திலிருக்கும் மகால் கடைசியில். பலர் மகாலைக் காலையிலேயே முடித்துவிட்டு, ‘சாயங்காலம் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே ரயிலேறிவிடலாம்’ என்று வைத்துக்கொள்கிறார்கள். 4 மணிக்கு நடை திறக்கும்போது வெளியே காத்திருந்த கூட்டம் மொத்தமும் உங்களுக்கு முன்னால் நிற்கும். வரிசைக்குள் புகுந்துவிட்டால் நினைத்த நேரத்தில் வெளியே வரவும் முடியாது.

முதல் வேலை பைகள். ஜங்ஷனிலேயே க்ளோக் ரூம் இருக்கிறது. ரயில் டிக்கெட்டும் அடையாள அட்டையும் கேட்பார்கள். பூட்டுப் போடாத பையை வாங்க மாட்டார்கள். ஜிப்பில் மாட்டும் சின்னப் பூட்டு போதும், வீட்டிலிருந்தே கொண்டு வந்துவிடுங்கள். தின்பண்டத்தைப் பைக்குள் விட வேண்டாம். எலி பையையே கடித்துவிடும். ரசீதைப் போட்டோ எடுத்துவைத்து, அசலை டிக்கெட்டோடு சேர்த்து ஒரே ஆளிடம் கொடுங்கள். பெரிய பையோடு டவுன் பஸ்ஸில் ஏறலாம் என்று நினைக்க வேண்டாம். லக்கேஜுக்குத் தனி டிக்கெட் என்பதுகூடப் பரவாயில்லை. நடுவழியில் பையை வைத்துக்கொண்டு அம்மாவையும் பிடித்துக்கொள்ள உங்களுக்குக் கை போதாது. குளித்து உடை மாற்ற வேண்டும் என்றால் ரயில்வே ஓய்வறையை முன்கூட்டியே பதிவு செய்யலாம்.

ஜங்ஷனுக்கு இரண்டு பக்கமும் வாசல் உண்டு என்பதையும் மனதில் வையுங்கள். கோயிலும் பெரியார் பஸ் ஸ்டாண்டும் கிழக்கு வாசல் பக்கம், அதாவது மேல வெளி வீதியைப் பார்த்த முன்வாசல். மாலையில் ஆட்டோக்காரர் மேற்குப் பக்கத்துப் பின்வாசலில் இறக்கிவிட்டுப் போனால் க்ளோக் ரூமுக்கு நடைமேடைகளையெல்லாம் தாண்டி வர வேண்டும். ‘முன்வாசல்’ என்று சொல்லியே ஏறுங்கள்.

ஸ்டேஷனிலிருந்து மீனாட்சி கோயிலுக்குப் பஸ்ஸே தேவையில்லை. பஸ்ஸில் போனால்தான் சுற்று அதிகம். முன்வாசலுக்கு எதிரே டவுன்ஹால் ரோடு. அதில் நேராகக் கிழக்கே நடந்தால் மேல மாசி வீதி. அதைக் கடந்து மேலக் கோபுரத்தைப் பார்த்துப் போக வேண்டியதுதான். மொத்தம் ஒரு கிலோமீட்டர் போல, அம்மாவின் நடைக்கு இருபது நிமிடம். காலை ஏழு மணிக்கு அந்தத் தெருவில் கடைகள் பாதிகூடத் திறந்திருக்காது, நடப்பது சுகம். கவனம் வேண்டியது ஒரே இடத்தில்: ஸ்டேஷன் வாசலில் மேல வெளி வீதியைக் கடக்கும்போது. பெரியாருக்குப் போகும் பஸ்ஸும் ஆட்டோவும் அங்கே விடாமல் வந்துகொண்டிருக்கும். நான்கு பேரும் சேர்ந்து கடங்கள். ஆளுக்கொரு இடைவெளியில் ஓடிப் பாதி ரோட்டில் நிற்க வேண்டாம். திருட்டைவிட இதுதான் கூடுதல் ஆபத்து.

ஊரின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் வழி கேட்கும் அவசியமே குறைந்துவிடும். கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள்: மதிலுக்கு உள்ளே ஆடி வீதி, மதிலை ஒட்டிச் சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அடுத்து மாசி வீதி, எல்லாவற்றுக்கும் வெளியே வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் கீழ, மேல, வடக்கு, தெற்கு என்று நான்கு பக்கம். வெளி வீதி இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் அவற்றை இடித்துத் தூர்த்து வீதியாக்கினார். அந்த வேலையில் துணை நின்றவர்கள் பெயரில்தான் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் இன்றும் இருக்கின்றன. டவுன் பஸ் ஏறக்குறைய இந்தப் பழைய கோட்டை விளிம்பிலேயேதான் ஓடுகிறது. உள்ளே மாசி வீதிகளில் பாதி ஒருவழி, சித்திரை வீதிகளில் வண்டிக்கே அனுமதியில்லை. எந்த வண்டியில் வந்தாலும் கடைசித் தூரம் நடைதான். சித்திரை வீதியில் முதியோருக்குப் பேட்டரி கார் ஓடுவதுண்டு, கிடைத்தால் ஏற்றிவிடுங்கள். அதை நம்பி நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள். வழி தப்பினால் கோபுரத்தைக் காட்டிக் கேட்பதில் பயனில்லை. புதிதாக வருபவர் கண்ணுக்கு நான்கு பெரிய கோபுரமும் ஒன்றுபோலத்தான் தெரியும். ‘மேலக் கோபுர வாசல்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், அங்கிருந்து ஸ்டேஷன் நேர் வழி.

கோயில் வாசலில் பலர் திண்டாடுவது கைபேசியால். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததற்குப் பிறகு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி பக்தர்கள் கைபேசி கொண்டுபோகத் தடை வந்தது. வாசலிலேயே கொடுத்துவிட்டு டோக்கன் வாங்க வேண்டும். செருப்பும் அப்படித்தான். இதில் இரண்டு விஷயம். கொடுத்த வாசலில்தான் திரும்ப வாங்க முடியும். கிழக்கே அம்மன் சன்னதி வாசலில் கொடுத்துவிட்டு மேற்கே வெளியே வந்துவிட்டால் பாதிக் கோயிலை வெறுங்காலில் சுற்ற வேண்டும். பதினொரு மணிக்கு மேல் அந்தக் கல் காலைப் பொசுக்கிவிடும். அதனால் போவதும் வருவதும் மேலக் கோபுரம் என்று முடிவு செய்துகொண்டு போங்கள். இரண்டாவது, உள்ளே யாரிடமும் போன் இல்லை என்பதால் பிரிந்துவிட்டால் கூப்பிட வழியில்லை. நுழையும் முன்பே மகளிடமும் அம்மாவிடமும் சொல்லிவையுங்கள்: ‘காணோம்னா பொற்றாமரைக் குளத்துப் படியில உட்காருங்க, வேற எங்கயும் தேடிப் போகாதீங்க.’ குளம் கோயிலில் யாரைக் கேட்டாலும் காட்டும் இடம், உட்காரவும் வசதி. ஒரு துண்டுத் தாளில் உங்கள் எண்ணையும் ரயில் நேரத்தையும் எழுதி இருவரிடமும் கொடுங்கள். ஒருவர் கையில் கடிகாரம் கட்டியிருப்பது நல்லது. போன் இல்லாத கோயிலுக்குள் மணி போவது தெரியாது.

உடையிலும் கண்டிப்பு உண்டு: அரைக்கால் சட்டையோடு விட மாட்டார்கள். ரயிலில் தூங்கிய உடையோடு அப்படியே வந்துவிட வேண்டாம். கட்டண தரிசனச் சீட்டு வேண்டுமென்றால் உள்ளே கவுன்டரில் மட்டும் வாங்குங்கள். ‘சீக்கிரம் உள்ளே விடுறேன் சார்’ என்று தெருவில் வருபவரிடம் கொடுக்கும் பணத்துக்கு ரசீது கிடையாது, வரிசையும் குறையாது. ஏழு மணிக்கு நுழைந்தால் சாதாரண நாளில் தரிசனம், ஆயிரங்கால் மண்டபம், முக்குறுணிப் பிள்ளையார், குளம் எல்லாம் பார்த்து 9.30க்குள் வெளியே வந்துவிடலாம். வந்ததும் டிபன்.

அடுத்தது பஸ். இதற்குக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும்.

மதுரையில் ‘பஸ் ஸ்டாண்ட்’ என்று மொட்டையாகச் சொன்னால் எங்கே வேண்டுமானாலும் போய்ச் சேரலாம். பெரியார் என்பது ஸ்டேஷனுக்குத் தெற்கே ஐந்து நிமிட நடையில் இருக்கும் டவுன் பஸ் நிலையம். உங்களுக்கு வேண்டியது இதுதான். மாட்டுத்தாவணி வடகிழக்கில் ஆறேழு கிலோமீட்டர் தள்ளி. சென்னை, திருச்சி, தஞ்சாவூர், ராமேஸ்வரம், திருநெல்வேலி, தூத்துக்குடி வெளியூர் பஸ்கள் அங்கே. ஆரப்பாளையம் வடமேற்கில்; திண்டுக்கல், கோவை, சேலம், தேனி, கொடைக்கானல் பக்கம். அண்ணா பஸ் ஸ்டாண்ட் கலெக்டர் ஆபீஸ் பக்கம். பெயரைச் சொல்லாமல் ஆட்டோ ஏறினால் மாட்டுத்தாவணியில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பெரியாரில் எண்ணை மட்டும் பார்த்து ஏறாதீர்கள். ஒரே எண்ணுக்குப் பின்னால் ஏ, பி, சி என்று எழுத்து சேர்ந்திருக்கும். எழுத்து மாறினால் கடைசி நிறுத்தமே மாறும். முகப்புப் பலகையில் சேருமிடத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘வழி’ என்று இருப்பதைப் படியுங்கள். காந்தி மியூசியத்துக்குப் போகிறவருக்கு இது முக்கியம். மாட்டுத்தாவணி என்று போட்ட பஸ்ஸில் ஒன்று சிம்மக்கல், கோரிப்பாளையம், தமுக்கம் வழியாகப் போகும். இன்னொன்று கீழவாசல் பக்கம் திரும்பி அண்ணா நகர் வழியாகப் போகும். இரண்டும் மாட்டுத்தாவணிக்குத்தான் போகின்றன, ஆனால் இரண்டாவதில் ஏறினால் மியூசியம் கண்ணிலேயே படாது. சந்தேகம் இருந்தால் டைம் கீப்பர் அறையில் கேளுங்கள், எந்த பஸ், எந்த நடைமேடை என்று ஒரே வார்த்தையில் சொல்வார்கள். ஏறியதும் கண்டக்டரிடம் ‘அண்ணே, காந்தி மியூசியம் வந்தா சொல்லுங்க’ என்று ஒரு வார்த்தை. கூட்டத்தில் அவர் மறந்துவிடலாம், அதனால் பக்கத்து சீட்டுக்காரரிடமும் சொல்லிவையுங்கள்; மதுரையில் இதற்குள் நான்கு பேர் உங்களை இறக்கிவிடும் பொறுப்பை எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

டிக்கெட்டில் ஒரு நுணுக்கம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லை. முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு வண்ணம் அடித்திருக்கும், கண்ணாடியில் மகளிருக்குக் கட்டணமில்லை என்றும் எழுதியிருக்கும். காசு இல்லையே தவிர டிக்கெட் உண்டு. கண்டக்டர் கொடுக்கும் சீட்டை வாங்கி இறங்கும்வரை வைத்திருக்க வேண்டும்; செக்கிங் வந்தால் அதைத்தான் கேட்பார்கள். உங்கள் வீட்டில் மூன்று பேருக்கு இது பொருந்தும், ஐயா மட்டும் காசு கொடுக்க வேண்டும். எக்ஸ்பிரஸ், டீலக்ஸ் என்று பலகை இருந்தால் எல்லோருக்கும் கட்டணம், அதுவும் கூடுதல். அதைக் கவனிக்காமல் ஏறி கண்டக்டரோடு வாக்குவாதம் செய்து பயனில்லை. ஐந்து, பத்து, இருபது ரூபாயாகச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். காலை நேரத்தில் ஐந்நூறு ரூபாய் நீட்டினால் மிச்சத்தைச் சீட்டின் பின்னால் எழுதித் தருவார், அதை வாங்க மறந்து இறங்கிவிடுவீர்கள்.

ஏறும்போது அம்மாவை முதலில் ஏற்றி, பின்னால் நீங்கள். இறங்கும்போது நீங்கள் முதலில் இறங்கிக் கை கொடுங்கள். இடது பக்க சீட்டுகள் பெரும்பாலும் பெண்களுக்கு. படிக்கு அருகில் காலியாக இருந்தால் அம்மாவை அங்கேயே உட்கார வையுங்கள், உள்ளே தள்ளிப் போக வேண்டாம். நிறுத்தம் வரும் முன்பே எழுந்து நிற்கும் பழக்கம் பெரியவர்களுக்கு உண்டு. டிரைவர் பிரேக் போடும்போது விழுவது அப்போதுதான். கண்டக்டரின் ஒரு விசில் நிறுத்தச் சொல்லி, இரண்டு விசில் கிளம்பச் சொல்லி. பஸ் முழுதாக நின்ற பிறகு எழுந்தால் போதும். அதற்குள் இரண்டு விசில் விழுந்துவிட்டால் ‘ஆள் இறங்குதுண்ணே!’ என்று ஒரு குரல் கொடுத்தால் பஸ் நிற்கும். தாழ்தளப் பேருந்துகளும் இப்போது ஓடுகின்றன. முழங்கால் வலி உள்ளவருக்கு அதுதான் வசதி, ஒரு பஸ்ஸை விட்டுக் காத்திருந்தாலும் தப்பில்லை. நகரும் பஸ்ஸில் ஓடி ஏறுவதும் படியில் தொங்குவதும் உள்ளூர் இளவட்டங்கள் செய்வார்கள், நீங்கள் செய்ய வேண்டாம்.

திருட்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். நடப்பது பெரும்பாலும் பஸ்ஸுக்குள் இல்லை, ஏறும் வாசலில். எட்டரை மணி முதல் பத்து வரையும், மாலை நாலரைக்கு மேலும் பெரியாரில் ஒரே வாசலில் இருபது பேர் முட்டுவார்கள். சட்டைப் பையில் இருக்கும் போனும் பேன்ட் பின்பையில் இருக்கும் பர்ஸும் அந்தப் பத்து வினாடியில்தான் போகும். போனைப் பைக்குள் போட்டு, பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு ஏறுங்கள். அம்மாவின் சங்கிலியைச் சேலைத் தலைப்பால் மூடி ஊக்கு குத்திவிடுங்கள். இந்தப் பயணத்துக்கு நகையே குறைத்துப் போட்டுக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. கூட்டமே இல்லாத பஸ்ஸில் ஒருவர் உங்களை மட்டும் நெருக்கிக்கொண்டு நின்றால் இடம் மாறிவிடுங்கள். பழைய தந்திரம் ஒன்று இன்னும் செல்லுபடியாகிறது: கீழே சில பத்து ரூபாய் நோட்டுகளைப் போட்டு ‘உங்க பணமா பாருங்க’ என்பார்கள், அல்லது சட்டையில் ஏதோ அழுக்கு என்பார்கள். நீங்கள் குனியும்போது பை போய்விடும். குனியாதீர்கள், அவ்வளவுதான். அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸ் 108, ரயில் சம்பந்தப்பட்டது எதுவானாலும் 139.

பத்து மணி பஸ்ஸைப் பிடித்தால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காந்தி மியூசியம் ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் இருக்கிறது. 1959இல் நேரு திறந்துவைத்தது. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. மகளுக்குப் பாடப் புத்தகத்தில் படித்தது கண்முன் நிற்கும். நிழலும் நாற்காலியும் உண்டு, அம்மாவுக்கும் சிரமமில்லை. என் ஓட்டு இதற்கு. வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை. 12.30க்கு அங்கிருந்து கிளம்பினால் வெயில் உச்சியில் ஏறும்போது நீங்கள் பெரியார் பக்கம் சாப்பாட்டு இலைக்கு முன் இருப்பீர்கள்.

வெள்ளிக்கிழமையாக இருந்தாலோ, அறுபடை வீட்டில் முதல் வீட்டைப் பார்த்தே தீர வேண்டும் என்றாலோ திருப்பரங்குன்றம். பெரியாரிலிருந்து எட்டு கிலோமீட்டர். திருநகர், திருமங்கலம் போகும் பஸ்கள் பழங்காநத்தம், பசுமலை வழியாக அந்தப் பக்கம்தான் போகின்றன. ஆற்றைக் கடக்க வேண்டியதில்லை என்பது இதன் பெரிய நன்மை. மலையைக் குடைந்த கருவறை என்பதால் உள்ளே படி ஏற வேண்டியிருக்கும். கார்த்திகை, சஷ்டி நாட்களில் வேண்டவே வேண்டாம். 11 மணிக்குள் கோயிலுக்குள் இருந்தால்தான் 1 மணிக்கு முன் தரிசனம் உறுதி.

அழகர்கோயில் ஏன் வேண்டாம்? நகரிலிருந்து 21 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம். கீழே பெருமாள் கோயிலும் மதியம் நடை சாத்திவிடும். மேலே பழமுதிர்ச்சோலைக்கும் நூபுர கங்கைக்கும் மலைப்பாதையில் வேறு வண்டி மாற வேண்டும், அது நிறைந்தால்தான் கிளம்பும். குரங்குகள் கையில் இருக்கும் பையைப் பிடுங்கும். மூன்றும் சேர்ந்து அரை நாளை விழுங்கிவிடும், திரும்பி வரும் வழியும் வடகரை. கீழடி அருங்காட்சியகமும் ஆசை காட்டும். 2023 மார்ச்சில் திறந்தது, காலை 10 முதல் மாலை 6 வரை, செவ்வாய் விடுமுறை. ஆனால் ராமேஸ்வரம் சாலையில் போகும் தூரத்து பஸ்கள் கீழடி விலக்கில் நிற்கும் என்று நம்ப முடியாது. திருப்புவனம் போகும் பஸ்ஸாகப் பார்த்து ஏற வேண்டும், இறங்கியும் உள்ளே போக வேண்டும். கோயிலை ஏற்கெனவே பார்த்தவர்கள் இதற்காகவே ஒரு நாள் வரலாம்.

மதியம் இரண்டரைக்கு மகால். பெரியாரிலிருந்து விளக்குத்தூண், கீழவாசல் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி இறங்கி நடக்கலாம். வெயிலில் அம்மாவை நடக்க வைப்பதைவிட இந்த ஒரு இடத்துக்கு ஆட்டோவே மேல். மதுரையில் ஆட்டோ மீட்டரை எதிர்பார்க்க வேண்டாம். ஏறும் முன் ‘நாலு பேருக்கும் சேர்த்து, மகால் வாசல் வரைக்கும் எவ்வளவு?’ என்று முழுதாகக் கேட்டு முடித்துக்கொள்ளுங்கள், அல்லது செயலியில் பதிவு செய்யுங்கள். ஷேர் ஆட்டோ மலிவுதான், ஆனால் டிரைவருக்கு இரு பக்கமும் ஆள் உட்கார்ந்திருக்கும் வண்டியில் ஏற வேண்டாம். ‘இப்ப மகால் லீவு, வேற இடம் காட்டுறேன்’ என்று ஒருவர் சொன்னால் அவர் போகச் சொல்வது கமிஷன் தரும் துணிக்கடையாகவோ கைவினைக் கடையாகவோ இருக்கும். கோயில் பக்கம் ‘மாடியிலேர்ந்து கோபுரம் பாருங்க, ஃப்ரீ’ என்பவர்களும் அந்த வகைதான். பார்ப்பது இலவசம்தான், கீழே இறங்கி வெளியே வருவதற்குள் ஒரு சால்வையாவது விற்றுவிடுவார்கள்.

மகால் 1636இல் திருமலை நாயக்கர் கட்டியது, 248 தூண்கள். ஒரு மணி நேரம் போதும். ஒலி ஒளிக் காட்சி மாலையில்தான், உங்கள் ரயிலுக்கு ஒத்துவராது. வெளியே வந்து விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா. நேரம் மிச்சமிருந்தால் பெரியாரை ஒட்டி இருக்கும் கூடலழகர் பெருமாள் கோயில், மாலை நடை திறந்ததும் போகலாம். ஸ்டேஷன் கூப்பிடு தூரம். இல்லையென்றால் மேல மாசி வீதி 251ஏ எண் கட்டடம். 1921 செப்டம்பர் 22ஆம் தேதி காந்தி அரையாடைக்கு மாறியது அங்கேதான். கீழே கதர்க் கடை, காலையில் மியூசியம் பார்த்த மகளுக்கு அது தனியாகப் பேசும்.

நாள் தேர்வு உங்கள் கையில் இருந்தால் சித்திரைத் திருவிழா நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். தேரோட்டத்தன்று மாசி வீதிகளில் வண்டி ஓடாது, அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைப் பாலங்கள் பக்கமே போக முடியாது. டவுன் பஸ் எந்த வழியாகத் திரும்பும் என்று கண்டக்டருக்கே அன்றுதான் தெரியும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டத்தால் கோயில் வரிசை இரண்டு மடங்கு நீளும், அப்போது காலை 6.30க்கே வாசலில் இருங்கள். முகூர்த்த நாளென்றால் பஸ்ஸில் நிற்கத்தான் இடம். சித்திரை, வைகாசி வெயிலில் அம்மாவுக்கு மதியம் இரண்டு மணி நேரம் உட்கார ஒரு இடம் கட்டாயம், மகாலையேகூடத் தள்ளிப்போடலாம்.

4.30க்குக் கிளம்பி 5 மணிக்கு ஜங்ஷன் வந்ததும் முதலில் பலகையில் நடைமேடை எண்ணைப் பாருங்கள், பிறகு பை எடுங்கள். கடைசி நடைமேடையாக இருந்தால் மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும், லிஃப்ட் இருக்கும் பக்கமாகப் போங்கள்.

எல்லாம் செய்தும் ரயில் போய்விட்டால் பதற வேண்டாம். மாட்டுத்தாவணியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு இரவிலும் பஸ் உண்டு, நான்கு மணி நேரம் போல ஆகும். பைகளோடு டவுன் பஸ் மாறாமல் ஜங்ஷன் வாசலிலிருந்தே ஆட்டோவில் போய்விடுங்கள். அங்கே ராமேஸ்வரம் என்று பலகை போட்ட பஸ்ஸாகவே பார்த்து ஏறுங்கள். பரமக்குடியோடும் ராமநாதபுரத்தோடும் நிற்கும் பஸ்களும் அதே பக்கம்தான் நிற்கும், நடு இரவில் ராமநாதபுரத்தில் பெரியவரோடு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நிலை வரக்கூடாது.